கதையிலயாவது பேசட்டுமே

மாதமும் கிழமையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்கு எந்த நினைவும் முழுதாக வருவதில்லை. தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து எந்த ஊருக்கு, எந்த நேரத்தில் என்று எழுதிப் பழகிய கை இது. ஆனால் என் மகள் முதன்முதலாக "ஓல்டான்" என்று சொன்ன நாள் எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைப் பேச்சு என்று யாரும் எண்ணவில்லை.

1978இல் நாங்கள் கோவில்பட்டியில், பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்த ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். வாசலுக்கு எதிரே பஸ் நிற்கும். "பசுவந்தனை, ஓட்டப்பிடாரம்" என்று நடத்துநர் கூவுவார். ஆள் ஏறியதும் "போலாம் ரைட்" என்பார். யாராவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் தகரத்தைத் தட்டி "ஓல்டான்!" என்பார். பஸ் நின்றுவிடும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. முகம் பார்த்துப் பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "அம்மா" என்று அழைத்தது கிடையாது. தன்னைச் சுற்றி நடந்த இத்தனை பேச்சிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்த நடத்துநர்களின் பேச்சை மட்டும்தான். தலை வாரும்போது சீப்பு இழுத்தால் "ஓல்டான்". விருந்தாளி யாராவது கட்டிப்பிடித்தால் "ஓல்டான்". வலி போனதும், ஆள் நகர்ந்ததும், தானாகவே மெல்ல "போலாம் ரைட்" என்பாள். மனம் குளிர்ந்திருக்கும் நேரங்களில் பசுவந்தனையும் ஓட்டப்பிடாரமும் வரிசை மாறாமல் வரும்.

ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட இன்னும் பத்து ஆண்டு போக வேண்டியிருந்தது. அதுவரை ஊர் தன்னிடமிருந்த சொற்களை வைத்துச் சமாளித்தது. ஊமை என்றார்கள், மந்தம் என்றார்கள், பயந்த கோளாறு என்றார்கள். டாக்டர் "வயசு ஏறினா சரியாப்போகும்" என்றார். பக்கத்து வீட்டு மைனி கோயில் மணியைக் கவிழ்த்து அதில் ஊற்றிய தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, "நீங்க வேதக்காரவியதான், ஏசுவைக் கும்பிடுதவிய, இருந்தாலும் தண்ணிக்கு எந்தச் சாமி?" என்று கேட்டு, பேச்சு வரும் என்று குடிக்கக் கொடுத்தார். மகள் குடித்தாள், செம்பின் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், செம்பைத் திருப்பித் தரவில்லை. மைனிக்கு அதுவே ஒரு முன்னேற்றமாகத் தெரிந்தது.

ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "அவ பேசாட்டி என்ன? நீதான் நாள் பூரா ஊருக்கெல்லாம் சேத்துப் பேசுதியே" என்பார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கப் பழகியிருந்தோம்.

அந்த வருஷம் ஆடிமாதம் ஒரு சனிக்கிழமை. காற்று புழுதியை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மைனியின் மகள், பத்து வயதுக்காரி, தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி, ஒரு கம்பில் செத்த சாரைப்பாம்பைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் யாரோ அடித்துப் போட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த என் மகளின் மடியில் அதை வீசினாள். வீசிவிட்டு, சுற்றி நின்ற பிள்ளைகளோடு சேர்ந்து காத்திருந்தாள்.

என் மகள் கத்தவில்லை. எழுந்து ஓடினாள்.

பஸ் நடத்துநர் ஒருவர்தான் வழியில் பார்த்ததாகச் சொல்லி அனுப்பினார். ஊருக்கு வெளியே உழாமல் கிடந்த கரிசலில், வெயிலுக்கு வெடித்திருந்த மண்ணின் பிளவு ஒன்றுக்குள் காலைக் கணுக்கால் வரை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண் அவள் காலை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி அவளுக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போலாம் ரைட்" என்று அவளாகச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தோம்.

மைனி தன் மகளைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார். "ஏட்டி, அத்தைகிட்ட சொல்லு. எதுக்குச் செஞ்ச?"

அந்தப் பிள்ளை அழுதது, ஆனால் தப்பு செய்த முகமாக இல்லை. "பேச்சு வரட்டும்னுதான் அத்தை. புத்தகத்துல வந்துட்டே!"

"எந்தப் புத்தகத்துல?"

ஓடிப்போய் எடுத்து வந்தாள். சிறுவர்களுக்கென்று வரும் இதழ் ஒன்று. அதில் பேச்சு வராத ஒரு சிறுமி. தொட்டிலில் தம்பி. தொட்டில் கயிற்றில் பாம்பு இறங்குகிறது. சிறுமி பதறுகிறாள், "அம்மா!" என்று அலறுகிறாள், பேச்சு வந்துவிடுகிறது. தாய் ஓடி வருகிறாள், ஆனந்தக் கண்ணீர், முற்றும்.

"இப்ப அவளுக்கு வந்துட்டுல்லா? அப்ப நம்ம பிள்ளைக்கு ஏன் வரல?" என்று என்னையே கேட்டாள்.

அவளை நான் என்ன சொல்ல? வைத்தியம் செய்ய வந்த பிள்ளை அது. மருந்துச் சீட்டுத்தான் தப்பு.

அடுத்த மாதம் முழுவதும், வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். பழைய சிறுவர் இதழ்களைக் கட்டுக் கட்டாக இறக்கித் தரச் சொல்லி உட்கார்ந்து படித்தேன். நூலகர், "பிள்ளைக்கா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்" என்றார். "இல்ல சார், பிள்ளையைத் தேடுதேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

என் மகளைப் போன்ற பிள்ளைகள் அந்தக் கதைகளில் இருக்கத்தான் செய்தார்கள். முதல் பக்கத்தில் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் இல்லை. ஒருத்திக்கு அதிர்ச்சியில் பேச்சு வந்தது, இன்னொருவனுக்குச் சாமி கனவில் வந்து நாக்கில் எழுதிப் போனது. ஒரு பையன் கடைசிவரை மாறவே இல்லை, ஆனால் ஆற்றில் விழுந்த பணக்காரப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனான். அவன் செத்த பிறகு ஊரே அவனைப் புகழ்ந்தது. எந்தக் கதையிலும் ஒரு பிள்ளை அப்படியே இருந்துகொண்டு மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்க்கவில்லை. இதைப் படித்து வளரும் தெருவில் என் மகள் நடக்க வேண்டும். அவளைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், இன்னும் முடிக்காத ஒரு கதையாகத்தான் அவள் தெரிவாள். ஒரு தள்ளு தள்ளினால் முடிந்துவிடும் என்று தோன்றும். பாம்பு போனால் வேறொன்று வரும்.

அதனால் நானே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

எழுத எனக்கு ஓர் இடம் இருந்தது. கோவில்பட்டியில் படிக்கிற ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. எழுதுபொருள் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர்தான் ஆசிரியர்; அவரே தம் அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் நகல் எடுத்துத் தைத்து அட்டை போடுவார். அந்தப் பிரதி ஒரு வீட்டில் ஒரு நாள் என்று சுற்றி வரும். கடைசியில் சில வெற்றுத் தாள்கள் இருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். சிறுவர் பகுதி என் பொறுப்பு. பெரியவர்களுக்கான கட்டுரைகளைப் பலர் புரட்டிவிட்டுப் போவார்கள். சிறுவர் பகுதியைப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார்கள். எங்கள் தெருப்பிள்ளைகளிடம் போய்ச்சேர அதைவிட நல்ல வழி இல்லை.

கதை எளிதாக வரவில்லை. பஸ்காரர் பேச்சை மட்டும் பேசுகிற ஒரு சிறுமி. தெருப்பிள்ளைகளோடு கரிசல் காட்டுப் பாதையில் போகிறாள். திடீரென்று "ஓல்டான்" என்று சொல்லி நின்றுவிடுகிறாள். முதலில் எழுதியபோது, அவள் நின்ற இடத்துக்கு அப்பால் ஒரு பாழுங்கிணறு வைத்திருந்தேன். அவள் நிறுத்தியதால் எல்லோரும் பிழைத்தார்கள். எழுதி முடித்து ஒரு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் படித்தபோது கோபம் வந்தது. அவள் சொன்னதற்காக நாலு பேர் நிற்க வேண்டும் என்றால், நாலு உயிரைக் காப்பாற்றித்தான் அந்த உரிமையை வாங்க வேண்டுமா? கிணற்றைத் தூர்த்தேன். அந்த இடத்தில், மழைக்குப் பின் கரிசலில் ஊருமே, சிவப்புப் பட்டுப்பூச்சி, அதை வைத்தேன். அவள் அதைப் பார்க்கிறாள். மற்ற பிள்ளைகள் முதலில் முணுமுணுக்கிறார்கள், பிறகு நிற்கிறார்கள். பூச்சி போய்விடுகிறது. "போலாம் ரைட்" என்கிறாள். எல்லோரும் போகிறார்கள். முடிந்தது.

அண்ணாச்சி கடையில் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா கதை இது? பஸ் நின்னுச்சு, பஸ் கிளம்பிச்சு."

"ஆமா அண்ணாச்சி."

"நீதி?"

"நிக்கச் சொன்னா நிக்கணும்."

"அது டிரைவருக்குச் சொல்ல வேண்டியதுல்லா?" என்று சிரித்தார். "புரட்டாசி இதழுக்கு வேற ஒண்ணும் கைவசம் இல்ல. போடுதேன். ஆனா பிள்ளைகளுக்குச் சப்புன்னு இருக்கும், சொல்லிட்டேன்."

போட்டார். பிரதி சுற்றக் கிளம்பியது. நான் ஒவ்வொரு மாலையும் தெருவைக் கவனித்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. என் மகளைப் பார்த்து ஒரு வாண்டு "ஓல்டான்" என்று கத்தினான். அவள் நின்றாள். அவன் "ரைட்" என்றான். அவள் நடந்தாள். இது கேலியா விளையாட்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுக்கு அதில் சிரிப்பு வந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஒரு புதன்கிழமை வேலை முடிந்து குடையோடு தெருவுக்குள் திரும்பினேன். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் கூரைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக ஒரே தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் மகள். இரண்டு பிள்ளைகள் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். மைனியின் மகள் அவள் தலையை நிமிர்த்தி, தண்ணீர் நெற்றியில் விழும்படி பிடித்துக்கொண்டிருந்தாள். "ஓல்டான், ஓல்டான், ஓல்டான்" என்ற குரல் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டது. ஒருவரும் கையை விடவில்லை.

குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கைகளைப் பிரித்து அவளை இழுத்தேன். அவள் என் பிடியையும் உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டாள்.

"என்னட்டி பண்ணுதீங்க?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மைனியின் மகள் நனைந்த சட்டையோடு நின்று, நியாயம் கேட்கிறவளைப் போல் சொன்னாள்: "அத்தை, உங்க கதையிலதான போட்டிருக்கு! மழைத்தண்ணி நெத்தியில பட்டா பேசுவான்னு!"

"என் கதையிலயா?"

"ஆமா! கடைசியில 'அம்மா'ன்னு கூப்பிடுவாள்லா? நான் ரெண்டு தடவ படிச்சேன்."

அன்று மகளைத் தேற்றவே நேரம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில் அண்ணாச்சி கடையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். பிரதி சுற்றி முடிந்து அவரிடம் வந்திருந்தது. என் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பாதிக்குக் கீழே வேறு தாள் ஒட்டியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல், ஒரு சுருக்கமும் குமிழும் இல்லாமல், அச்சில் வந்ததைப்போல் உட்கார்ந்திருந்தது. வேறு ஒரு கையெழுத்து, அண்ணாச்சியின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்து. வானம் இருண்டது, முதல் மழைத்துளி சிறுமியின் நெற்றியில் விழுந்தது, உடம்பு சிலிர்த்தது, "அம்மா!" என்று கூவினாள், தாய் ஓடி வந்து வாரி அணைத்தாள்.

"நீங்கதான் மாத்தி ஒட்டியிருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி. "நல்லாத்தான் இருக்கு. பின்னால பாருங்க, கருத்தை. எல்லாரும் கடைசியைத்தான் பாராட்டியிருக்காவ."

பார்த்தேன். உண்மைதான். கண் கலங்கியது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கண் கலங்கியதற்கு விலையாக என் மகள் குழாய்க்கு அடியில் நின்றிருக்கிறாள்.

"இதை நான் எழுதல அண்ணாச்சி. எடுத்தாகணும்."

"வாசகர் விருப்பம்னு ஒண்ணு இருக்குல்லா..."

"அந்தப் பக்கத்துக்குக் கீழ என் பேரு இருக்கு. என் பேரை எடுங்க, இல்ல சீட்டை எடுங்க. சீட்டை எடுத்தா, பழைய முடிவோட பிரதி இன்னொரு தடவை எல்லா வீட்டுக்கும் போகணும்."

"இன்னொரு தடவையா? அப்ப ஐப்பசி இதழு?"

"பிந்தட்டும். மழையே பிந்தித்தான வந்துருக்கு."

 பிரதியைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "ஒட்டுனது யாருன்னு தெரியுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். சீட்டின் ஓரத்தில் அந்த நீலம் லேசாகத் தெரிந்தது. ஆனால் பசை பல வீட்டில் உண்டு. இப்படி ஓரம் தெரியாமல் ஒட்டுகிற கை எங்கள் வளவில் ஒன்றுதான்.

மைனி மரப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திறந்து பலகைமேல் வைத்தேன். அவர் மறைக்கவே இல்லை. முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா? நாந்தான் ஒட்டுனேன். நல்லா இருக்குல்லா?"

"ஏன் மைனி?"

"என்ன ஏன்? நீ எழுதுனதைப் படிச்சேன். எனக்கு நெஞ்சு அடைச்சுட்டு. இத்தனை வருசம் உன்னைப் பார்க்கேன். ஒரு தடவை அம்மான்னு கூப்பிடலியே அந்தப் பிள்ள. நிஜத்துலதான் இல்ல. கதையிலயாவது பேசட்டுமே. எழுதுதவளுக்குக் கையா வலிக்கும்?"

 எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மைனி, பெட்டி ஒட்டுகிற நேரத்தை விட்டு, இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்து எழுதி எனக்கு ஒரு மகளைச் செய்து கொடுத்திருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து அன்று காலைவரை வெளியே வராதவளை நினைத்துக்கொண்டேன்.

"மைனி, நேத்து உங்க பிள்ளை என் பிள்ளையைக் குழாய்க்கு அடியில பிடிச்சு வச்சுருந்தா."

"தெரியும். முதுகுல ரெண்டு போட்டேன்."

"அவளை ஏன் அடிக்கணும்? நீங்க எழுதுனதைத்தான் அவ செஞ்சா. ஆடியில அந்தப் புத்தகக்காரன் பாம்பைக் கொடுத்தான். இப்ப நீங்க மழையைக் கொடுத்துருக்கீங்க."

மைனியின் கை பசைச் சட்டிக்கு மேலேயே நின்றது.

"என் பிள்ளை பேசாம இல்ல மைனி. ஓல்டான்னு கத்தியிருக்கா. நான் தெருமுனையில கேட்டேன். பக்கத்துல நின்னவளுக்கு அது பேச்சாவே படல, ஏன்னா அவ வேற ஒரு சொல்லுக்குக் காத்துக்கிட்டு இருந்தா."

விரலில் இருந்த பசையைச் சட்டி ஓரத்தில் வழித்தார். பிறகு, "எனக்குக் கேக்கணும்போல இருந்துச்சு பிள்ள, அம்மான்னு. உனக்கு இல்லையா?" என்றார்.

"இருக்கு. அதுக்கு அவளை நனைக்க முடியாது."

மைனி முந்தானையில் கையைத் துடைத்தார். பிரதியை இழுத்துக்கொண்டார். கோணலாக ஒட்டிய லேபிளை எடுக்கிறபடியே ஈரத்துணியைச் சீட்டின்மேல் பரப்பி, உள்ளங்கையால் அமுக்கி, ஊறும்வரை காத்திருந்து, ஒரு மூலையிலிருந்து நகத்தால் கிளப்பினார். சீட்டு கிழியாமல் முழுதாக வந்தது. ஆனால் அடியில் இருந்த அண்ணாச்சியின் பேனா மை கலைந்து, பட்டுப்பூச்சிக்குப் பிறகு வந்த வரிகளெல்லாம் நீலக் கறையாகிவிட்டன.

"ஐயோ, போச்சே" என்றார்.

"காயட்டும். நான் எழுதுதேன்."

தாள் காய்ந்ததும் அந்தக் கறையின் மேலேயே எழுதினேன். மைனி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நின்றார்கள், பூச்சி போனது, போலாம் ரைட்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பச்..." என்றார் மைனி. பிறகு, "எம் மகளை நானே வாசிக்கச் சொல்லுதேன். சத்தமா வாசிக்கட்டும், எல்லா வாண்டும் கேக்கும்" என்றார். எடுத்த சீட்டை அவர் எறியவில்லை. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அதை நான் கேட்கவில்லை. அது அவருடைய ஆசை, அவர் வைத்துக்கொள்ளட்டும்.

பிரதி இரண்டாம் முறை சுற்றியது. கருத்துத் தாளில் யாரோ, முந்தைய முடிவே சிறப்பு என்று எழுதினார்கள். அதற்குக் கீழே, இதுதான் இக்கதையின் முடிவு, மாறாது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி அடுத்த இதழுக்குக் கதை கேட்டபோது, அதே சிறுமியை இன்னொரு கதைக்குள் கொண்டுவந்தேன். அதிலும் அவள் மாறவில்லை. பத்திரிகை நிற்கும்வரை மாறவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டல் வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. மண் செருப்பில் அப்பி ஆளுக்கு ஒரு படி உயரம் கூடியிருந்தது. பள்ளியில் அவளைச் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் என் மகள் அந்தப் பொட்டல் முனைவரை அவர்களோடு நடப்பாள். நான் வேலைக்குப் போகிற வழியில் பின்னால் வருவேன்.

நட்ட நடுவில் அவள் நின்றாள். "ஓல்டான்."

முன்னால் போய்க்கொண்டிருந்த மைனியின் மகள் கையைத் தூக்கினாள். "ஏலே, நில்லுங்க எல்லாரும்."

நின்றார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். என் மகள் குனிந்து தரையில் எதையோ பார்த்தாள். எதை என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த பொடியன் ஒருவன், கண்ணை அவள் வாயிலேயே வைத்துக்கொண்டு, மைனியின் மகளின் பாவாடையை இழுத்து ரகசியமாகக் கேட்டான்: "ஏக்கா, பேசப்போறாளா?"

"அதான் பேசிட்டாள்லா" என்றாள் அவள். "நில்லுலே."